மலை ஏறிய மஞ்சள் விளக்கு

கேமரன் மலைக்குப் போய்வந்த கதை என்றதும், "குளிர், தேயிலை, ஸ்ட்ராபெரி... இதைத்தானே எல்லாரும் எழுதுகிறார்கள்" என்று வாசக அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குளிரும் வரும், தேயிலையும் வரும். ஆனால் இந்தப் பயணத்தில் பாதி வழி எங்கள் கண் மலையின்மேல் இல்லை. வண்டியின் முகப்பில் எரிந்த ஒரு சின்ன மஞ்சள் விளக்கின்மேல்தான் இருந்தது. அந்த விளக்கிடம் நாங்கள் படித்த பாடம், தோட்டத்தில் டீசல் வண்டி வைத்துப் பிழைக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மைத்துனரின் வண்டி

உலு சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியர். என் மனைவியின் தம்பி குடும்பமும் அதே தோட்டத்தில்தான் குடியிருக்கிறது. அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஒருவர் ஓட்டிக் கழித்த டீசல் பிக்-அப் ஒன்றைத் தவணையில் வாங்கினார். அக்கம்பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றி எடைநிலையத்தில் கொண்டுபோய்ப் போடுவார். அதுதான் அவர் பிழைப்பு. எடைநிலையம் மூன்று கிலோமீட்டர். கடைத்தெரு நான்கு கிலோமீட்டர். காலை முதல் மாலைவரை வண்டிக்கு ஓய்வில்லை. ஆனாலும் ஒரே மூச்சில் பத்து கிலோமீட்டர் ஓடிய நாள் கிடையாது.

அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். என்னிடம்தான் படிக்கிறான். கெட்டிக்காரப் பையன். ஆனால் இளைப்பு நோய். சட்டைப்பையில் பென்சில் இருக்கிறதோ இல்லையோ, வாயில் வைத்து இழுக்கும் மருந்துக் குழாய் இருக்கும். மழைக்காலத்தில் அவன் மூச்சு விடுவது அடுத்த மேசைக்குக் கேட்கும்.

போன வருடக் கடைசியில், வண்டியின் முகப்பில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு பெட்டி, அதன் இரு பக்கமும் குழாய், பெட்டிக்குள் புள்ளி புள்ளியாகப் பொடி. இப்படி ஒரு படம். மைத்துனர் நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கறுப்பு டேப்பைக் கிள்ளி அதன்மேல் ஒட்டிவிட்டார்.

"வண்டி ஓடுதுல்ல மச்சான்! விளக்கு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும்" என்றார்.

இரண்டு வாரம் கழிந்தபின் மனம் கேட்காமல் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். "புகைக்குழாயில இருக்கிற வடிகட்டி அடைச்சிக்கிச்சு. புதுசு போட்டா எட்டாயிரம் வெள்ளிக்கு மேல. வேண்டாம்னா உள்ளே இருக்கிறதைக் குடைஞ்சு எடுத்துட்டு, கம்பியூட்டரையும் மாத்தி விட்டுடறேன். ஆயிரத்து இருநூறு. அப்புறம் அந்த விளக்கே எரியாது" என்றாராம் பட்டறைக்காரர். எட்டாயிரத்துக்கு மைத்துனர் எங்கே போவார்? வெட்டி எடுத்துவிடவே சொல்லி, இருநூறு வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார். வருகிற திங்கட்கிழமை வேலை.

கையேடு சொன்னது

வண்டியோடு வந்த கையேட்டை அன்றிரவு வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பாடம் நடத்துமுன் பாடநூலைப் பார்க்க வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் போட்ட முதல் உத்தரவு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டீசல் எரியும்போது கரித்தூள் உண்டாகிறது. பழைய லோரிகளின் பின்னால் கறுப்பாக வருகிறதே, அதுதான். அது வெளியே வராமல் பிடித்துவைக்கப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். பட்டறைகளில் அதை 'டிபிஎஃப்' என்பார்கள். உள்ளே தேன்கூடு போல் நுண்ணிய கண்ணறைகள். ஒரு கண்ணறைக்கு முன்பக்கம் அடைப்பு, அடுத்ததற்குப் பின்பக்கம் அடைப்பு. புகை உள்ளே போனால் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் அடுத்த கண்ணறைக்குப் போக முடியும். காற்று போய்விடும். கரி சுவரிலேயே தங்கிவிடும்.

தங்கிய கரியை என்ன செய்வது? எரித்துவிட வேண்டும். இஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடும்போது கொஞ்சம் தானாகவே எரியும். மிச்சம் சேர்ந்துவிட்டால், வண்டியின் கணினி தானே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியை ஏறத்தாழ 600 பாகை வரை சூடாக்கி எரித்துச் சாம்பலாக்கும். இதற்குப் பதினைந்து, இருபது நிமிடமாவது வண்டி நிற்காமல் ஓட வேண்டும்.

எங்கள் மைத்துனர் வண்டியில் நடந்தது என்ன? மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்குள் எடைநிலையம் வந்துவிடும். கணினி அப்போதுதான் அடுப்பை மூட்டியிருக்கும், இவர் சாவியைத் திருகி அணைத்துவிடுவார். மறுபடியும் மூட்டும், மறுபடியும் அணைப்பார். கரி சேர்ந்துகொண்டே போயிற்று. "ஐயா, என்னைக் கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட்டுங்கள்" என்று கேட்கத்தான் அந்த விளக்கு எரிந்திருக்கிறது. நாம் அதன் வாயில் டேப்பை ஒட்டிவிட்டோம்.

"திங்கட்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்குள்ள ஒருதரம் நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்துடலாம்" என்றேன்.

"எங்க போறது மச்சான்? சும்மா டீசலைக் கொளுத்தவா?"

டீசல் விலை சும்மா இல்லைதான். 2024 ஜூன் 10-ஆம் தேதி, தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறியதை அவர் மறக்கவில்லை. அப்போது அடுப்படியிலிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, கொளுத்தறதுதான் கொளுத்தறீங்க, என்னைக் கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

மாமியார் அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1971-இல் கல்யாணமாகி, இருபது வயதில் ரப்பர் தோட்டத்துக்கு இறங்கி வந்தவர், திரும்பிப் போனதே இல்லை. "எங்கம்மா கொழுந்து எடுத்த நிரையை ஒருதரம் பார்த்துட்டு வந்துடணும்" என்று வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். நாங்களும் "பார்க்கலாம்" என்று வருடத்துக்கு ஒருமுறை சொல்வோம். இந்தத் தடவை அப்படிச் சொல்லித் தப்ப முடியவில்லை.

நெடுஞ்சாலையில்

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் மைத்துனரும் நானும். பின்னால் மாமியார், என் மனைவி, நடுவில் பையன். மைத்துனரின் மனைவிக்குக் கடையில் வேலை நாள். அவர் கட்டிக்கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்கள் எங்கள் மடியில். டேப்பை நானே பிய்த்து எறிந்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

தஞ்சோங் மாலிம் வழியாக வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கிய ஊர் அது. மலாய் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற இடம். அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் வாத்தியார் என்ற முறையில் எனக்கு ஒரு மரியாதை தோன்றும். அங்கிருந்து தாப்பா எழுபது கிலோமீட்டர் போல. கையேட்டில் போட்டிருந்தபடி, இஞ்சின் சுழற்சி 2,000-க்குக் கீழே இறங்காமல், ஒரு கியர் குறைத்தே ஓட்டச் சொன்னேன். வேகம் தொண்ணூறு. எங்கும் நிற்கக் கூடாது என்று எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

சிலிம் ரிவர் வந்தது. 1942 சனவரியில் ஜப்பானியர் டாங்கிகளோடு வந்து பிரிட்டிஷ் படையை முறியடித்த இடம் என்று பையனுக்குச் சொன்னேன். அவன் காதில் விழவில்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, சுட்ட வாசனை வருது."

உண்மைதான். இஸ்திரிப் பெட்டி சூடேறுவதுபோல ஒரு மணம். மைத்துனர் பயந்து காலைத் தளர்த்தினார். "நிறுத்தாதீங்க, கரி எரியுது" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளங்கை வியர்த்தது.

சுங்காய்ச் சந்திப்பைத் தாண்டிச் சற்று தூரம் போயிருப்போம். "மாமா! அணைஞ்சிருச்சு!" என்று பையன் கத்தினான். விளக்கு இருந்த இடம் இருட்டாகிவிட்டது. மைத்துனர் என்னைப் பார்த்த பார்வையில், எட்டாயிரம் வெள்ளியை நானே அவர் கையில் எண்ணிக் கொடுத்தது போன்ற நன்றி இருந்தது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

தாப்பாவில் கோப்பி குடிக்க நிறுத்தியபோது வண்டியை அணைத்த பிறகும் விசிறி 'கொர்' என்று ஓடியது. மைத்துனர் சாலையோரத்துக் காய்ந்த லாலான் புல்லின்மேல் நிறுத்தப் பார்த்தார். தார்ப்பரப்புக்கு மாற்றச் சொன்னேன். அடியில் கொதிக்கும் குழாய், காய்ந்த புல்லைப் பற்றவைத்துவிடும்.

மலைப்பாதை

தாப்பாவிலிருந்து மலை ஏறும் பாதை பழைய பாதை. பத்தாங் பாடாங் ஆறு சிறிது தூரம் கூடவே வரும். பிறகு வளைவுகள்தான். ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது. சாலையோரத்தில் செமாய் இனத்து ஒராங் அஸ்லி மக்கள் மூங்கில் கொட்டகைகளில் பெத்தாய்க் கொத்துகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கி முகம் கழுவினோம். மாமியார் தண்ணீரில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. "கல்யாணத்தன்னிக்கு லோரியில வரும்போது இங்கதான் நிறுத்தினாங்க. நான் அழுதுக்கிட்டே முகம் கழுவினேன்" என்றார்.

மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. கண்ணாடியை இறக்கினோம். எங்களுக்கு முன்னால் காய்கறிக் கூடை ஏற்றும் லோரி ஒன்று, ஒவ்வொரு வளைவிலும் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறியது. இரண்டு வளைவுக்குள் பையன் இருமத் தொடங்கினான். கண்ணாடியை ஏற்றினோம். அவன் மருந்துக் குழாயை எடுத்து இரண்டு முறை இழுத்தான். மைத்துனர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டி, சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டின் ஏரி தெரிய ஆரம்பித்த இடம். ஏற்றத்தில் வண்டி திடீரென்று தளர்ந்தது. மிதியை அழுத்தினால் சத்தம்தான் வருகிறது, வேகம் இல்லை. முகப்பில் இப்போது இஞ்சின் படம் போட்ட வேறு விளக்கு. பின்னால் வரிசையாகக் கார்கள் ஹார்ன் அடித்தன. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, சூடு தணிந்ததும் நோயே போய்விட்டது என்று சொல்கிற அரைகுறை வைத்தியன் நிலைமைதான் அப்போது என் நிலைமை.

"இதுக்குத்தான் மச்சான் வெட்டி எறிஞ்சிடலாம்னேன்" என்றார் மைத்துனர். குரல் உடைந்திருந்தது. அடுத்த தவணைக்குப் பத்து நாள் இருந்தது.

பின்னிருக்கையில் மாமியார், "இன்னும் எத்தனை கட்டை?" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ரிங்லெட் பட்டறையில்

வண்டியைத் திருப்பி, நொண்டி நொண்டி ரிங்லெட்டுக்கே இறங்கினோம். காய்கறி லோரிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை திறந்திருந்தது. பட்டறைக்காரர் தமிழர், அறுபதை நெருங்கியவர், கம்பளிக் குல்லாய். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

எங்கள் கதையைப் பாதிதான் கேட்டார். "மின்யாக் ஈத்தாம் பார்த்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. கையேட்டில் பத்துப் பக்கம் படித்த வாத்தியார், இஞ்சின் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்க்கவில்லை.

அவர் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. மோந்து பார்க்கச் சொன்னார். டீசல் நாற்றம்.

"எண்ணெய் குறைஞ்சா எல்லாரும் பயப்படுறாங்க. கூடினாதான் ரொம்பப் பயப்படணும்" என்றார். கரியை எரிக்கக் கணினி செலுத்திய டீசலெல்லாம், பாதியில் வண்டியை அணைத்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து எண்ணெயோடு கலந்திருக்கிறது. தண்ணீர் கலந்த பால் மாதிரி அந்த எண்ணெய்க்குச் சத்துப் போய்விடும். அப்படியே ஓட்டினால் இஞ்சினே தேய்ந்து போகும். விளக்கை டேப் போட்டு மறைத்தோமே, அதனால் வந்த வினை இது.

பிறகு ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். வடிகட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மெல்லிய குழாய்கள் போகின்றன. இரண்டு பக்கத்துப் புகை அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்னக் கருவி அளந்து கணினிக்குச் சொல்கிறது. வித்தியாசம் ஏறினால் அடைப்பு என்று அர்த்தம். "இதோ பாருங்க, நான் இஞ்சினை முடுக்குறேன், கணக்கு தாறுமாறா வருது" என்றவர், டார்ச் விளக்கோடு வண்டிக்கடியில் குனிந்தார். அந்தக் குழாயில் ரப்பர் சேரும் இடத்தைப் பிடித்துக் காட்டினார். பல் பல்லாகக் கடித்த அடையாளம்.

"எலி!" என்றான் பையன்.

எலியேதான். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம்? அதைப் பிடிக்கத்தானே எங்கள் தோட்டத்தில் கம்பம் நட்டுப் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். மைத்துனர் வண்டியின் பின்தட்டில் உதிர்ந்த பழம் எப்போதும் கிடக்கும். பழம் தின்ன வந்த எலி ரப்பரையும் ருசி பார்த்திருக்கிறது. குழாயில் ஓட்டை விழுந்ததால் கணக்குத் தப்பியது. கணக்குத் தப்பியதும் கணினி இஞ்சினைக் காப்பாற்ற வேகத்தை அடக்கிவிட்டது.

"அப்ப வடிகட்டி?" என்று மைத்துனர் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் ஆகலே. காலையில நெடுஞ்சாலையில ஓடினீங்களே, அப்பவே கரி பெரும்பகுதி எரிஞ்சிருக்கு. குழாயை மாத்தி, எண்ணெயை மாத்தினாப் போதும்."

மைத்துனர் திங்கட்கிழமை வேலையைப் பற்றிச் சொன்னார். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வெட்டி எடுத்தா விளக்கு அணையும் தம்பி. அந்தக் கரி எங்க போகும்?"

மைத்துனர் பதில் சொல்லவில்லை. அவர் வீட்டு வாசலில் காலையில் பத்து நிமிடம் வண்டியை உறுமவிடும் இடத்துக்கு நேரே இருப்பது, பையன் படுக்கும் அறையின் சன்னல். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதுவரை மரப்பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் பேசினார். "உங்கப்பா புகைவீட்டுல வேலை செஞ்சாரு. ரப்பர் சீட்டைத் தொங்கப்போட்டு, விறகு வச்சுப் புகைபோடறதுதான் அவரு வேலை. ராத்திரியெல்லாம் இருமுவாரு. நான் முதுகைத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பேன். அன்னிக்கு நமக்கு வேற வழி தெரியல. இன்னிக்கு உனக்கு வழி இருக்குல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். என்னால் அதற்குமேல் ஒன்று சேர்க்க முடியும். 2012 ஜூன் மாதம், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நம் நாட்டிலும் டீசல் வண்டிகளின் கரும்புகைக்கு வரம்பு கட்டிய சட்டவிதி 1996-இலேயே வந்தது. ஆனால் மாமியார் சொன்னதற்குப் பிறகு அங்கே இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. சாம்பல் குறைவாக விடும் எண்ணெயைத்தான் ஊற்றினார். தகரத்தில் 'டிஎல்-1' என்று போட்டிருந்ததைக் கையேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கரியை எரித்துவிடலாம், எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும் என்பது அவர் விளக்கம். எல்லாம் சேர்த்து முந்நூற்றெண்பது வெள்ளி. மைத்துனர் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

புறப்படும்போது மாமியாரிடம், "எந்தத் தோட்டம் ஆயா?" என்று கேட்டார். சொன்னதும் தலையாட்டி, வழியைக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். "பழைய லயம் இல்லை. மலை இருக்கு" என்றார்.

கொழுந்து நிரை

கேமரன் மலைக்கு அந்தப் பெயர், 1885-இல் அங்கே நில அளவை செய்த வில்லியம் கேமரன் என்பவரால் வந்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, இந்த மலைச்சரிவுகளில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். இன்று சுற்றுலாக்காரர்கள் நின்று படம் பிடிக்கும் அந்தப் பச்சைப் பாய், அவர்கள் முதுகு வளைந்து விரித்த பாய். இப்போது சரிவுகளில் பிற நாட்டுத் தொழிலாளர்கள் வெட்டும் கருவியோடு நடக்கிறார்கள். விரலால் கிள்ளி எடுப்பது அரிதாகிவிட்டது.

பட்டறைக்காரர் சொன்ன வழியில் போனோம். லயன் வீடுகள் இருந்த இடத்தில் காய்கறிக்குப் பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தார்கள். மாமியார் அதைப் பார்த்து நிற்கவில்லை. மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்து, எழுபத்து நான்கு வயதில், என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒரு பாறை அருகே நின்றார். "இதுதான். மத்தியானச் சோத்தை இந்தக் கல்லுமேலதான் வைப்பாங்க."

குனிந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் விரல் மறக்கவில்லை. பேரன் கையில் வைத்து, "மோந்து பாரு" என்றார். அவன் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான். இருமல் வரவில்லை. அந்தக் குளிர்க்காற்றில் அவன் அப்படி ஒரு முழு மூச்சு விட்டதைத் தகப்பனார் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு, தானா ராத்தாவில் தேநீர் குடித்துவிட்டு இறங்கினோம். நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டம். முகப்பில் எந்த விளக்கும் எரியவில்லை. திங்கட்கிழமை மைத்துனர் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. முன்பணம் இருநூறு திரும்பி வரவும் இல்லை. "போகட்டும் மச்சான், படிப்புச் செலவு" என்றார்.

வண்டி வைத்திருப்போருக்கு

எல்லா டீசல் வண்டியிலும் இந்த வடிகட்டி இருக்காது. பழைய வண்டிகள் பலவற்றில் கிடையாது. உங்கள் வண்டியில் உண்டா என்பதைக் கையேட்டில் பாருங்கள். இருந்தால் நாங்கள் படித்த பாடம் இதுதான்:

பெட்டிப் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால், முதலில் எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, டீசல் மணத்தாலோ எங்கும் ஓட்டாதீர்கள், பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள். அளவு சரியாக இருந்தால், சாலை அனுமதிக்கும் வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பாதியில் அணைக்காதீர்கள்.

விளக்கு மின்னினாலோ, இஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வேகம் விழுந்தாலோ, அணைந்த விளக்கு சில நாளில் திரும்ப வந்தாலோ, ஓட்டித் தீர்க்கப் பார்க்க வேண்டாம். வேறு பழுது இருக்கிறது. வடிகட்டியைப் புதிதாக மாற்று என்று சொன்னால், அழுத்தம் அளக்கும் குழாயையும், காற்று வடிகட்டியையும், டர்போவிலிருந்து வரும் குழாய்களில் கசிவு உண்டா என்பதையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவு டீசலை ஊற்றாதீர்கள். 2021 ஏப்ரல் முதல் நம் எண்ணெய் நிலையங்களில் யூரோ 5 டீசல் வந்துவிட்டது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். முன்பு விற்ற யூரோ 2-எம் டீசலில் 500 பங்கு வரை இருந்தது.

தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் வண்டியை வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோங்கள். மைத்துனர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் தஞ்சோங் மாலிம் சந்தைக்குப் போவதை நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறார். பின்தட்டைப் பெருக்கிக் கழுவி வைக்கிறார். காலையில் வண்டியை முடுக்கிவிட்டு நிறுத்திவைப்பதில்லை. உடனே எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிடுகிறார். இஞ்சினுக்கும் அதுவே நல்லது.

பையனின் சன்னல் இப்போது காலையிலும் திறந்திருக்கிறது.